‘அறைப்பொருத்தம்’ வேண்டாம், ‘அறைக்குடைவு’ போதும்

அன்புடையீர்,

பழைய ரிம்ஃபயர் ரிவால்வரின் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துச் சுடும் கைத்துப்பாக்கியின்) உருளை, அதாவது தோட்டாக்களை இடும் அறைகள் கொண்ட சுழலும் பாகம், எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதைக் குறிக்க ‘அறைப்பொருத்தம்’ என்னும் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. செவிக்கு இனியதாயினும் அது பொருளில் இடர் தருவது என்று கருதுகிறேன். ஒரு தோட்டா அறைக்குள் நுழைந்துவிடுவது ஒன்று. அந்த அறை அத்தோட்டாவுக்கென்றே குடையப்பட்டிருப்பது வேறொன்று.

1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வருடன் வந்த ஷார்ட், 1887இல் வந்த லாங் ரைஃபிள், 1959இல் வந்த வின்செஸ்டர் மாக்னம் ஆகிய மூன்று தோட்டாக்களுமே ‘.22’ (அங்குல அளவு) என்றுதான் வழங்குகின்றன. முதலிரண்டின் பித்தளைக் கூடுகளும் ஏறத்தாழ 5.7 மி.மீ. விட்டமுள்ளவை, நீளத்தில் மட்டும் வேறுபடுபவை. மாக்னத்தின் கூடோ ஏறத்தாழ 6.1 மி.மீ. விட்டமுடையது. ஆகவே மாக்னத்துக்குக் குடைந்த அறையில் லாங் ரைஃபிள் தளர்வாக இறங்கிவிடும். சுட்டால், சுற்றிலும் தாங்கும் சுவரில்லாத மெல்லிய கூடு உப்பிப் பிளந்து, சூடான வாயு சுடுபவரை நோக்கிப் பீறிடக்கூடும். இத்தகைய நிலையை நம் சொல்லே ‘பொருத்தம்’ என்று சான்றளிக்கலாகாது.

அதனால் ‘அறைக்குடைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். குடைவரைக் கோயில் என்ற வழக்கால் ‘குடைவு’ நமக்குப் பழகிய சொல்தான். செய்தவர் எந்த அளவில் குடைந்தார் என்பதையே அது சுட்டும், பின்னாளில் எவரோ எதைச் செருகிப் பார்த்தார் என்பதையன்று.

குடைவைக் கண்டறியும் முறைக்கும் இச்சொல் இயைகிறது. குழலில் பொறித்த எழுத்தை மட்டும் நம்ப முடியாது. ரூகர் சிங்கிள்-சிக்ஸ் போன்ற ரிவால்வர்கள் லாங் ரைஃபிளுக்கு ஒன்றும் மாக்னத்துக்கு ஒன்றுமாக மாற்றிப் பூட்டும் இரண்டு உருளைகளுடனும் விற்கப்பட்டன. உருளையில் முத்திரை இல்லையெனில் அறையையே அளக்க வேண்டும். வாயின் விட்டம் மட்டும் போதாது. 1890ஆம் ஆண்டின் வின்செஸ்டர் ரிம்ஃபயர் தோட்டாவை நீட்டியே மாக்னம் உருவாக்கப்பட்டதால், இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே. கூடு முடிந்து குண்டின் வழி குறுகும் இடம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதே அங்கு முடிவு சொல்லும். இதற்குத் துப்பாக்கித் தொழிலர் செர்ரோசேஃப் என்னும் உலோகக் கலவையை உருக்கி அறைக்குள் ஊற்றி வார்ப்பெடுப்பர். 90 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகும் இக்கலவை முதலில் சற்றே சுருங்கிப் பிறகு விரிவதால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் மெய்யளவு கிடைக்கும்.

ரிம்ஃபயருக்குச் சிலர் கூறிய ‘விளிம்புத்தீ’ எனக்கு உவப்பில்லை. தீப்பற்றும் கலவை விளிம்பின் மடிப்புக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் அத்தோட்டாவை வேறுபடுத்துவது அடி விழும் இடம். ரிம்ஃபயரை ‘விளிம்படித் தோட்டா’ என்றும், நடுவில் அடி விழும் சென்டர்ஃபயரை ‘மையவடித் தோட்டா’ என்றும் சொன்னால் இணை தெளிவாக அமையும். ‘அடி’ என்பதைக் கீழ்ப்பகுதி என்று ஒருவர் கொண்டாலும் பிழையில்லை, விளிம்பு இருப்பதும் தோட்டாவின் அடியில்தானே!

ஒரு வரம்பு மட்டும் வேண்டும். கரும்பொடி (பழைய கரிய வெடிமருந்து) காலத்து உருளையின் குடைவு ஷார்ட்டுக்கே உரியதாக இருப்பினும், இன்றைய மிகுவிசை ஷார்ட்டை அது தாங்கும் என்று பொருளாகாது. எனவே கலைச்சொல் பதிவில் ‘அறைக்குடைவு: உருளையின் அறை எத்தோட்டாவின் அளவுக்குக் குடையப்பட்டது என்பது, உருளையின் வலிமையைக் குறிக்காது’ என்று விளக்கம் எழுதலாம்.