பில்லில் தெரியாத 35 சென்ட்: கிராமத்து டவருக்குப் போகும் காசு

கணக்குப்பிள்ளை_டர்பன்

அமெரிக்காவில் அண்ணன் தம்பி இருப்பவர்கள் அவர்கள் போன் பில்லை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். 'யூனிவர்சல் சர்வீஸ்' என்று தனியாக ஒரு வரி இருக்கும், கிராமம் வரை போன், இணையம் போய்ச் சேர வாங்கும் காசு. அங்கே 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 254-ஆம் பிரிவிலிருந்து வருவது அது. மாநிலம் விட்டு மாநிலம் பேசும் வருமானத்திலும் வெளிநாட்டு அழைப்பு வருமானத்திலும் ஒரு விகிதம் எடுக்கிறார்கள். எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) மூன்று மாதத்துக்கு ஒரு முறை விகிதத்தை அறிவிக்கும். 2025 முதல் காலாண்டில் 36.3 சதவீதம்.

முழு பில்லுக்கும் 36 சதவீதம் என்று பதற வேண்டாம். மொபைல் கம்பெனி தன் கணக்கைப் பிரித்துக் காட்டாவிட்டால், பேச்சு வருமானத்தில் 37.1 சதவீதம் மாநிலம் தாண்டியது என்று வைத்துக்கொள்ளலாம். இணையவழிப் பேச்சு என்றால் 64.9. ஆக 50 டாலர் பேச்சுக் கட்டணத்தில் 18.55 டாலருக்குத்தான் விகிதம் போடுவார்கள், வருவது 6.73 டாலர். கட்ட வேண்டிய கடமை கம்பெனியுடையது. அதை வாடிக்கையாளர் தலையில் வைக்கலாம், ஆனால் அறிவித்த விகிதத்துக்கு மேல் ஏற்றி வாங்கக் கூடாது.

இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அதே போல ஒரு நிதி உண்டு, ஆனால் பில்லில் அப்படி ஒரு வரி கிடையாது. பணம் மட்டும் போகிறது. தொலைத்தொடர்பு உரிமம் வைத்திருப்பவர் ஆண்டு வருமானத்தில் 0.2 சதவீதம் கட்ட வேண்டும். 200 ரேண்ட் ஏர்டைம் வாங்கினால், 15 சதவீத வாட் போக 173.91. அது முழுவதும் உரிமச் சேவை வருமானம் என்றே வைத்தாலும் 0.2 சதவீதம் என்பது ஏறக்குறைய 35 சென்ட். சட்டம் 1 சதவீதம் வரை போக இடம் கொடுக்கிறது, நாம் ஐந்தில் ஒரு பங்கில் நிற்கிறோம். இதைப் பற்றித் தொழிலில் இருப்பவர்கள் பார்த்ததை எழுதுங்கள்.

சின்ன_ஐஎஸ்பி

படிவம் நிரப்புகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 0.2 என்பது உரிமத்தின் கீழ் கொடுக்கும் சேவையின் வருமானத்துக்கு. ரௌட்டர் விற்றது, கேபிள் போட்ட கூலி, கம்ப்யூட்டர் பழுது பார்த்தது எல்லாம் வேறு. ஒரே இன்வாய்ஸில் மூன்றையும் கலந்து எழுதினால் தணிக்கையாளர் பிரிக்க மாட்டார், மொத்தத்துக்கும் கட்ட வேண்டி வரும். மார்ச் மாதம் உட்கார்ந்து பிரிப்பதைவிட, முதல் நாளே கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று: இதை உரிமக் கட்டணத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. உரிமக் கட்டணம் வேறு, இந்த நிதிப் பங்களிப்பு வேறு. ஒன்றைக் கட்டிவிட்டால் மற்றது தீராது. வானொலி, டிவி உரிமக்காரர்கள் ஊடக வளர்ச்சி அமைப்புக்குக் கொடுத்ததை இதில் கழித்துக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

கணக்குப்பிள்ளை_டர்பன்

சரி. கட்டிய காசு எங்கே போகிறது? பலரும் நினைப்பது: ஐகாசா (இங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம்) வாங்கி யூசாசாவிடம் (அந்த நிதியை நிர்வகிக்கும் அமைப்பு) கொடுக்கும், யூசாசா டவர் வைக்கும் என்று. அப்படி இல்லை. ஐகாசா வசூலிக்கும், அது தேசிய வருவாய் நிதிக்குப் போய்விடும். பிறகு நாடாளுமன்றம் பட்ஜெட்டில் ஒதுக்கும்போதுதான் நிதியின் கையில் காசு. கட்டியதும் ஒதுக்கியதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் வசூல் நேராக அந்த வேலைக்கே போகிறது, கிராமச் செலவு கூடினால் அடுத்த காலாண்டில் விகிதம் கூடுகிறது. இங்கே குழாய்க்கு நடுவில் ஒரு பெரிய தொட்டி.

டவர்_மேல்_நிற்பவன்

தொட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது அண்ணா, குழாயின் கடைசிச் சொட்டு விழும் இடம் தெரியும். வடக்கு குவாசுலு-நேட்டாலில் ஒரு டவருக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். 'டவர் ஒன்றுக்கு இவ்வளவு' என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதலில் நிலம். பெரும்பாலும் இங்கொன்யாமா டிரஸ்ட் நிலம், அதாவது ஜூலு மன்னர் பொறுப்பில் உள்ள பாரம்பரிய நிலம். இந்துனாவை (ஊர்த் தலைவர்) பார்த்து, பாரம்பரிய கவுன்சில் கூட்டத்தில் சம்மதம் எழுதி வாங்கி, அதோடு டிரஸ்ட் போர்டுக்குக் குத்தகை விண்ணப்பம். சம்மதப் படிவத்தில் இடத்தின் ஜிபிஎஸ் எண் ஒரு இலக்கம் தப்பினாலும் திரும்பி வரும். பாதுகாக்கப்பட்ட பகுதி அருகில் 15 மீட்டருக்கு மேல் புது டவர் என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். இந்தக் காகிதம் முடியும்வரை மானியக் காசு ஒதுக்கப்பட்டு, செலவாகாமல் கிடக்கும். நிதியாண்டு முடிந்ததும் 'செலவழிக்கவில்லை' என்று கெட்ட பேர்.

அடுத்தது உயரம். மாபுடாலாந்து பக்கம், மங்கூசி, ஜோசினிக்குக் கிழக்கே, தட்டையான மணல். டவருக்கு டவர் மைக்ரோவேவ் இணைப்பு 7 கிகாஹெர்ட்ஸில் 40 கிலோமீட்டர் போட வேண்டும் என்று வையுங்கள். நடுவில் பூமியின் வளைவு மட்டும் 23 மீட்டருக்கு மேல். ஃப்ரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடம்) 60 சதவீதம் தடையில்லாமல் வேண்டும், அது 12 மீட்டர். மரம் 15 மீட்டர். கூட்டினால் இரண்டு பக்கமும் 50 மீட்டர் டவர். அதையே 20 கிலோமீட்டராக உடைத்தால் வளைவு 6, ஃப்ரெனல் 9, மரம் 15, ஆக 30 மீட்டர் போதும். ஆனால் நடுவில் இன்னொரு நிலையம், இன்னொரு வேலி, இன்னொரு குத்தகை. எது மலிவு என்பது மணலில் அஸ்திவாரம் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. உயரம் கூடக் கூட அது வேகமாக வீங்கும்.

மசிங்கா பக்கம் போனால் கதை தலைகீழ். உயரம் மலையே தரும். 15 மீட்டர் கம்பம் போதும், ஆனால் பக்கி (பின்னால் திறந்த சின்ன வண்டி) ஏறும் பாதை இல்லை. மழைக்குப் பிறகு டி எண் போட்ட மண் சாலையில் கான்கிரீட் லாரி போகாது. கையால் கலக்கினால் தண்ணீரை யார் மேலே கொண்டு போவது என்று ஆரம்பிக்கும். அதோடு, மலை உச்சியில் நின்று பார்த்தால் எதிர் மலை தெரியும், காலடியில் பள்ளத்தாக்கில் இருக்கும் வீடுகள் தெரியாது. சிக்னலுக்கும் அப்படித்தான். வரைபடத்தில் பச்சை, ஆற்றங்கரை வீட்டில் பூஜ்யம்.

பேட்டரி_செல்வம்

மின்சாரத்தை விட்டுவிட்டீர்களே! மானியக் காசு சாகும் இடமே அதுதான்.

மூன்று செக்டர் (மூன்று திசை ஆன்டெனா) நிலையம் ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கும். 48 வோல்ட்டில் 42 ஆம்பியர். நாலு மணி நேரம் தாங்க 167 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும், ஆகவே 333 வேண்டும். 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு: நாலு நாலாக இரண்டு சரம்.

இதுவரை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். தப்பு ரெக்டிபையரில், அதாவது வரும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியில். 42 ஆம்பியர் லோடுக்கு 50 ஆம்பியர் ரெக்டிபையர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் பேட்டரிக்கு மிஞ்சுவது 8 ஆம்பியர், அது எந்தக் காலத்தில் நிரம்ப? 40 ஆம்பியராவது பேட்டரிக்கு வேண்டும், அதாவது மொத்தம் 82, சுமார் 4 கிலோவாட். அப்போதும் முழுதாக நிரம்ப 8 முதல் 10 மணி நேரம். 2022, 2023 லோட்ஷெடிங்கில் (சுழற்சி மின்வெட்டு) ஆறாம் கட்டம் வந்தபோது ஒரே நாளில் பல தடவை போகும், நடுவில் அந்த 8 மணி நேரமே கிடைக்காது. பேட்டரி பாதி, கால், அரைக்கால் என்று இறங்கி, சில மாதத்தில் தகடு சல்பேட் ஆகிவிடும். பார்க்கிறவர் 'பேட்டரி மட்டம்' என்பார். பேட்டரி நல்லதுதான், சாப்பாடு போடவில்லை.

லித்தியம் வேகமாக நிரம்பும், ஆழமாக இறங்கினாலும் தாங்கும். திருட்டுதான் தொல்லை. கேபினெட்டோடு கான்கிரீட் போட்டு மூடுகிறார்கள், பிறகு பழுது பார்க்க உடைக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் டீசல். 15 கேவிஏ வைத்து 2 கிலோவாட் இழுத்தால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் கரியாகப் படியும்.

மானியம் இந்தச் சாமான்களை வாங்க ஒரு தடவை காசு கொடுக்கும். டீசலும் பாதுகாவலும் மாதா மாதம் வருகிற செலவு. அந்தத் தலைப்பு ஒப்பந்தத்தில் எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள், நிலையம் எத்தனை வருடம் ஓடும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டவர்_மேல்_நிற்பவன்

செல்வம் அண்ணனோடு சேர்த்து ஒன்று: எர்த் பட்டை. செம்பில் போட்டால் அடுத்த வாரம் இருக்காது. அது போனது யாருக்கும் தெரியாது, நிலையம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் கோடை இடியில் ரேடியோ கருகியதும்தான் தெரியும். துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை போடுங்கள், 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று வருடா வருடம் அளவுங்கள். பாறையில் வராது, கூடுதல் தண்டும் நிரப்பு மண்ணும் வேண்டும்.

பழைய_லைன்மேன்

இளையவர்களே, காசு வசூலித்துச் செய்வது ஒரு வழி. உரிமத்திலேயே கடமை எழுதிவிடுவது இன்னொரு வழி. இங்கே இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்தது. ஆரம்ப மொபைல் உரிமங்களில் வோடாகாமுக்கு 22,000, எம்டிஎன்னுக்கு 7,500 சமூகத் தொலைபேசி என்று எழுதியிருந்தது. கப்பல் கண்டெய்னரை வெட்டிக் கடையாக்கி ஐந்து ஆறு போன் வைத்ததெல்லாம் அப்படி வந்தது. கடைக்காரருக்கு அதில் லாபம் இருந்ததால் கடையைத் திறந்து வைத்தார், போனைப் பாதுகாத்தார்.

அதே காலத்தில் லைன் போன் கம்பெனியான டெல்காமுக்கு 1997 முதல் 2002 வரை ஏகபோகம் கொடுத்து, சுமார் 27 லட்சம் புது லைன் போடச் சொன்னார்கள். போட்டார்கள். அதில் பெரும் பகுதி பிறகு துண்டிக்கப்பட்டது, மாத வாடகை கட்ட முடியவில்லை. பக்கத்தில் பிரீபெய்ட் மொபைல் வந்துவிட்டது. 2001-இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, நூறு பேருக்கு ஐந்து லைன்கூட இல்லாத மாவட்டங்களில் உள்ளூர் சின்னக் கம்பெனிகளுக்கு உரிமமும் நிதியிலிருந்து மானியமும் கொடுத்துப் பார்த்தார்கள். மானியத்தில் டவர் வைக்கலாம், தன் நெட்வொர்க்குக்கு அழைப்பைக் கொண்டுபோகப் பெரிய கம்பெனி கேட்கும் இணைப்புக் கட்டணத்தை எதை வைத்துக் கட்டுவது? அனேகமாக எல்லாம் படுத்துவிட்டன.

2022 ஸ்பெக்ட்ரம் ஏலத்திலும் இதே கடமை முறைதான். 14.4 பில்லியன் ரேண்ட் கஜானாவுக்கு, கூடவே பள்ளி, கிளினிக் இணைப்பும், வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையும், அதாவது கிராமத்தை முடித்துவிட்டு நகரத்துக்கு வா என்று.

பள்ளி_நெட்வொர்க்

பள்ளி என்றதால். இப்போதைய மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் அரசுப் பள்ளிக்கு இணையக் கட்டணத்தில் குறைந்தது 50 சதவீதத் தள்ளுபடி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், பல தலைமையாசிரியர்களுக்கு இது தெரியாது.

இணைப்பு கொடுத்த பள்ளியில் ஆறு மாதம் கழித்துப் போனால் பார்க்க வேண்டியவை: ரௌட்டர் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடக்கிறதா. பிரீபெய்ட் மீட்டரில் யூனிட் இருக்கிறதா. விசாட் (செயற்கைக்கோள் இணையம்) தட்டு காற்றில் ஒரு டிகிரி நகர்ந்திருக்கிறதா, அந்த ஒரு டிகிரிக்கே சிக்னல் போய்விடும். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், போய்வர 600 மில்லி வினாடி. வீடியோ வகுப்பு திக்கித் திக்கித்தான் ஓடும், அதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை. அரசின் இணைய இணைப்புத் திட்டமான எஸ்ஏ கனெக்ட் முதல் கட்டத்தில் எட்டு மாவட்டங்களில் 970 அரசு இடங்கள் இணைந்தன, அங்கே 10 எம்பிபிஎஸ் கணக்கு. அதை நாற்பது கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்குக் கால் எம்பி. பள்ளிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் வைத்துப் பாடங்களை இரவில் இறக்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். இதற்கு எந்த மானியத்திலும் தலைப்பு கிடையாது!

சின்ன_ஐஎஸ்பி

0.2-ஐ 1 ஆக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு: இருப்பதையே காகிதம் முடியாமல் திருப்பி அனுப்பும்போது ஐந்து மடங்கு வாங்கி என்ன செய்வது? இந்த நிதிக்குள்தான் டிவி செட்டாப் பெட்டி மானியமும் வந்தது, மாத வருமானம் 3,200 ரேண்டுக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு. வருடக்கணக்காகக் கவனம் அங்கே போனது. விகிதம் உயர்ந்தால் அடுத்த பெட்டி என்னவோ.

கணக்குப்பிள்ளை_டர்பன்

எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் பதில் எண்ணில் இருக்கிறது, வாக்குவாதத்தில் இல்லை. யூசாசாவுக்கு ஒரு ஆண்டறிக்கை, நிதிக்குத் தனியாக ஒரு ஆண்டறிக்கை. இரண்டாவதை எடுங்கள். மூன்று எண்களை மட்டும் ஐந்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள்: நாடாளுமன்றம் ஒதுக்கியது, செலவானது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகக் கேட்டது. பக்கத்தில் ஐகாசா அறிக்கையிலிருந்து வசூலை நாலாவது எண்ணாக வையுங்கள். தாளைப் போட்டோ எடுத்து இங்கே போட்டால் சேர்ந்து பார்க்கலாம். செல்வம் சொன்ன டீசல் தலைப்பு எந்த வரியில் வருகிறது என்று கண்டுபிடிப்பவர் முதலில் எழுதுங்கள்.