ரப்பர் பால் கொள்முதல் கைக்கருவியில் சிக்கிய எஸ்டிஎஃப் ஃபைல்: கணக்கை எப்படி வெளியே எடுப்பது?

பால்கணக்கு திருவட்டாறு (கேள்வி)

வணக்கம். திருவட்டாறு பக்கம் உள்ள சிறு ரப்பர் விவசாயிகள் சங்கத்தின் பால் கொள்முதல் கணக்கு இது. மொத்தம் மூணு கைக்கருவி, மூணிலும் விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5. உறுப்பினர் எண், பால் எடை, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர் சதவீதம்), தொகை எல்லாம் பால் அளக்கிற இடத்திலேயே பதிஞ்சு சீட்டு அடிச்சுத் தரும். மென்பொருள் செஞ்சு கொடுத்த கம்பெனி மூடியாச்சு, கேட்க ஆளில்லை.

2012 முதல் 2019 வரையிலான கணக்கு வேணும். முதல் கருவியில் எஸ்டிஎஃப் என்று முடியும் ஒரு ஃபைல் 140 எம்பி இருக்கு. கணினியில் நகல் எடுத்து எக்செல்லில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பைதான் வருது. ரெண்டாவது கருவி அடிக்கடி நின்றுபோகுது, ஹார்டு ரீசெட் பண்ணிப் பார்க்கச் சொல்றாங்க. மூணாவதில் ஃபைலை நகல் எடுக்கவே விடமாட்டேங்குது. எங்கேருந்து தொடங்கணும்?

கோட்டாறு பழுதுபார்ப்பு

ஹார்டு ரீசெட் வேண்டவே வேண்டாம். அது கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், கணக்கும் அதோடு போகும். தொங்கினால் சாஃப்ட் ரீசெட், அதாவது வெறும் மறுதொடக்கம், மட்டும் செய்யுங்க. பொதுவாக அப்ளிகேஷன் அல்லது ஃபிளாஷ் என்ற பெயரில் உள்ள ஃபோல்டர் ரீசெட்டுக்கும் தப்பும். ஆனா உங்க ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்குன்னு பார்க்காம அதை நம்பக்கூடாது. 6.5-இல் ஃபைல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் அழியாது. பாக்கெட் பிசி 2003 காலத்துக் கருவிகளுக்கு இது பொருந்தாது. அவை எல்லாத்தையும் ராமில் வச்சிருந்தன, சார்ஜ் முழுக்க இறங்கினாலே எல்லாம் போயிடும். அப்படி ஒண்ணு கையில் இருக்கிறவங்க முதல்ல சார்ஜரில் போடணும்.

ரெண்டாவது கருவி நிற்கிறதுக்குப் பேட்டரி முனையைப் பாருங்க. பால் எடுக்கும் இடத்தில் அமோனியா எந்நேரமும் காற்றில் இருக்கும், செம்பும் பித்தளையும் அதைத் தாங்காது. முனையில் நீலப்பச்சையாகக் களிம்பு படிஞ்சிருந்தால் கருவியை அணைச்சு, பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்க. நல்லா காய்ந்த பிறகு பேட்டரியைப் போடுங்க. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேல்பூச்சு உரிஞ்சு அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி களிம்பு பிடிக்கும். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் பண்ணவே கூடாது, மாற்றுங்க. கழற்றி மாட்டும்போது தேதி பின்னால் போயிருக்கலாம். அந்த நிலையில் புதுப் பதிவு எதுவும் போட்டுடாதீங்க.

மூணாவது கருவியில் பழைய செயலி இன்னும் ஓடிக்கிட்டிருக்கும். விண்டோஸ் மொபைலில் மேலே உள்ள பெருக்கல் குறியைத் தொட்டால் செயலி மறையுமே தவிர மூடாது, ஃபைலைப் பிடிச்சபடியே இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டாஸ்க் மேனேஜர் போய் எண்ட் டாஸ்க் கொடுங்க. அதுக்குப் பிறகு நகல் ஆகும்.

நகலுக்கு மெமரி கார்டுதான் சுலபம். ஃபேட்32 வடிவில் இருக்கட்டும். பழைய கருவிகள் பல 2 ஜிபி வரைதான் படிக்கும், சில 32 ஜிபி வரை போகும். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்டில் வருவதால் தெரியாது. நகல் ஓடும்போது கருவி தூங்கிப்போகாம பவர் அமைப்பில் நேரத்தை நீட்டி, சார்ஜரில் வச்சே செய்யுங்க.

மார்த்தாண்டம் டேட்டா

கோட்டாறு அண்ணாச்சி சொன்னதோடு ஒண்ணு சேர்க்கணும். ஒரே ஃபைலை ரெண்டு தடவை, முடிஞ்சா ரெண்டு கார்டில், நகல் எடுங்க. நடுவில் செயலியைத் திறக்கக்கூடாது. கணினியில் கட்டளைத் திரையில் சர்ட்யூட்டில் மூலம் ரெண்டுக்கும் எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒப்பிடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தால்தான் நகல் சரி. அதில் ஒண்ணைத் தனியாக எடுத்து வச்சுட்டு, எந்த வேலைக்கும் அதைத் தொடாதீங்க.

இனி ஃபைல். எஸ்டிஎஃப் என்பது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் காம்பேக்ட் என்ற சிறு தரவுத்தளத்தின் ஃபைல். பதிப்புக்குப் பதிப்பு உள்ளமைப்பு மாறும், ஒன்றுக்கான கருவி இன்னொன்றைத் திறக்காது. அதனால் பதிப்பை முதலில் பாருங்க. எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்தால் வரிக்கு 16 பைட் காட்டும். ரெண்டாவது வரியின் முதல் நாலு பைட்தான் அடையாளம். 9டி 7பி 35 00 என்றால் 3.5. 14 டி7 2டி 00 என்றால் 3.0 அல்லது 3.1. 00 09 3டி 00 என்றால் 4.0. 61 62 61 73 என்றால் 2.0. கைக்கருவிக்கு 4.0 வந்ததே இல்லை, ஆகவே உங்களுடையது பெரும்பாலும் 3.5 ஆக இருக்கும்.

3.5-க்கு எஸ்பி2 ரன்டைம், அதாவது அந்த ஃபைலைப் படிக்க வைக்கும் அடிப்படை மென்பொருள், கணினியில் போடணும். 64-பிட் விண்டோஸில் முதலில் 32-பிட் நிறுவி, அடுத்து 64-பிட்டையும் நிறுவணும். ஒண்ணை மட்டும் போட்டால் சில கருவிகள் டிரைவர் இல்லை என்று நிற்கும்.

அடுத்த தடங்கல் அந்த 140 எம்பி. 3.5-க்குக் குறிப்பிடாவிட்டால் உச்சவரம்பு 128 எம்பி. திறக்கும்போது ஃபைல் அனுமதித்த அளவைவிடப் பெரியது என்று பிழை வரும். ஃபைல் கெட்டதாக நினைக்க வேண்டாம். இணைப்பு வரியில் (ஃபைல் இருக்கும் இடம், பாஸ்வேர்டு போன்றவற்றைச் சொல்லும் வரி) மேக்ஸ் டேட்டாபேஸ் சைஸ் 512 என்று சேர்த்தால் திறக்கும், அந்த எண் எம்பி கணக்கு.

வெளியே எடுக்க எக்ஸ்போர்ட்எஸ்க்யூஎல்சிஇ என்ற இலவசக் கட்டளைக் கருவி போதும். இணைப்பு வரி, வெளியீட்டு ஃபைலின் பெயர், கடைசியில் எஸ்க்யூலைட் என்ற சொல், இந்த மூணும் கொடுத்தால் அட்டவணைகளும் பதிவுகளும் ஒரே எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டாக வரும். எஸ்க்யூலைட் என்பது ஒரே ஃபைலில் அடங்கும் இலவசத் தரவுத்தளம். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்டில் ஃபைல் மெனு, இம்போர்ட் வழியாக அந்த ஸ்கிரிப்டை ஏற்றுங்க.

திறந்த பிறகு வேலை நகலின் ஹாஷ் மாறியிருக்கும், பயப்படாதீங்க. கைக்கருவியில் உருவான ஃபைலைக் கணினியில் முதல்முறை திறக்கும்போது எழுத்து வரிசை விதி மாறுவதால் இண்டெக்ஸை (தேடுவதற்கான உள் பட்டியல்) மறுபடி கட்டும். இதனால்தான் ரீட்-ஒன்லி குறி இருக்கும் ஃபைல் திறக்காது. குறியை எடுத்துட்டுத் திறங்க.

பால்கணக்கு திருவட்டாறு

ரொம்ப நன்றி. ரெண்டு ஹாஷும் ஒண்ணு, பதிப்பு 3.5, வரம்பு மாற்றியதும் திறந்துவிட்டது. மூணாவது கருவியின் ஃபைல் மட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது. இன்னொன்று: உறுப்பினர் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியுது. 4.0-க்கு மாற்றினால் தமிழ் வருமா?

தக்கலை குறிப்பேடு

வராது. 4.0-க்கு உயர்த்தினால் ஃபைல் வடிவம் மட்டுமே மாறும், அதைக் கைக்கருவி பிறகு படிக்காது. அந்த வேலையே தேவையில்லை.

உங்களுடையது எழுத்துரு முறைக் குறியேற்றம், அதாவது ஆங்கில எழுத்தாகச் சேமித்துத் தமிழ் எழுத்துருவால் தமிழாகக் காட்டும் முறை. அந்தக் காலக் கருவிகளில் தமிழ் யூனிகோடு எழுத்தைச் சரியாகக் காட்ட வழி இல்லாததால் பாமினி, டாப், டாம் போன்ற எழுத்துரு முறைகளில் பதிந்தார்கள். பாமினியா என்று பார்க்க எளிய சோதனை: பட்டியலில் எங்காவது “அம்மா” வந்தால் அது சிறிய எம், சிறிய கே, அரைப்புள்ளி, சிறிய கே, சிறிய எச் என்று நிற்கும். அப்படியானால் என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றலாம். பெயர், ஊர் போன்ற பத்திகளை மட்டும் மாற்றுங்கள். மொத்த ஃபைலையும் உள்ளே கொடுத்தால் ஆங்கிலத்தில் உள்ள குறியீடுகளும் தமிழாகிக் கெட்டுவிடும்.

பாஸ்வேர்டுக்கு, கருவியில் செயலி இருக்கும் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். இணைப்பு வரி பல நேரம் எக்ஸ்எம்எல் அல்லது கான்ஃபிக் ஃபைலில் அப்படியே எழுதியிருக்கும். இல்லையென்றால், செயலி டாட்நெட்டில் எழுதப்பட்டிருந்தால் ஐஎல்ஸ்பை (செயலியின் நிரல்வரிகளைக் காட்டும் மென்பொருள்) மூலம் திறந்து டேட்டா சோர்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். கணக்கு சங்கத்துடையது, என்றாலும் நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. பழைய ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். பாஸ்வேர்டு எங்குமே கிடைக்காவிட்டால், கருவியில் செயலி ஓடும்வரை அதிலேயே அறிக்கை அடித்து எடுப்பதுதான் வழி.

ஏதாவது ஃபைல் பாதியில் பிழை காட்டினால் வேறொரு நகலில் எஸ்க்யூஎல் சர்வர் காம்பேக்டின் ரிப்பேர் வசதியை ஓட்டுங்கள். அதில் முடிந்தவரை எல்லாப் பதிவையும் மீட்கும் தேர்வைக் கொடுங்கள். கெட்ட பதிவை நீக்கும் தேர்வைத் தொடாதீர்கள். அது பிழை இல்லாத ஃபைலைத் தரும், ஆனால் சில விவசாயிகளின் சீட்டு காணாமல் போயிருக்கும்.

மார்த்தாண்டம் டேட்டா

மூணு ஃபைலையும் ஒண்ணா சேர்க்கும் இடத்தில்தான் அதிகம் தப்பு நடக்கும். ஒவ்வொரு கருவியும் சீட்டு எண்ணை 1-லிருந்து தானே தொடங்கியிருக்கும். அப்படியே கொட்டினால் ஒரே எண்ணில் மூணு சீட்டு மோதும். சேர்க்கும் முன் ஒவ்வொரு அட்டவணையிலும் கருவி எண் என்று ஒரு பத்தி சேர்த்து, கருவி எண்ணும் பழைய சீட்டு எண்ணும் சேர்ந்ததைச் சாவியாக (பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக) வையுங்க. உறுப்பினரை இணைக்கச் செயலி தானாகக் கொடுத்த உள் எண்ணைப் பயன்படுத்தாதீங்க, அச்சிட்ட உறுப்பினர் எண்ணைப் பயன்படுத்துங்க. உள் எண் கருவிக்குக் கருவி வேறாக இருக்க வாய்ப்பு நிறைய.

எக்செல்லுக்குக் கொண்டுபோனால் சிஎஸ்வி ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீங்க. 0047 என்ற உறுப்பினர் 47 ஆவார், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும், தமிழ் உடையும். டேட்டா மெனுவில் உரையிலிருந்து இறக்குமதி என்பதில் 65001 (யூனிகோடு யூடிஎஃப்-8) தேர்ந்து, உறுப்பினர் எண் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்க.

பால்கணக்கு திருவட்டாறு

மூணாவதின் பாஸ்வேர்டு எக்ஸ்எம்எல்லிலேயே இருந்தது. சேர்த்தாச்சு. எடை, டிஆர்சி, விலை மூணையும் பெருக்கிப் பார்த்தால் பழைய தொகையோடு சில சீட்டில் பைசா கணக்கில் வித்தியாசம் வருது. எதை எடுத்துக்கணும்?

தக்கலை குறிப்பேடு

பதிந்த தொகையை. பழைய செயலி உலர் ரப்பர் எடையை முதலில் ரெண்டு தசமத்துக்கு வெட்டியிருக்கும். 38.5 கிலோ பால், டிஆர்சி 33.7 என்றால் உலர் ரப்பர் 12.9745 கிலோ. செயலி அதை 12.97 என்று வைத்து, கிலோ 146 ரூபாய் என்றால், 1,893.62 போட்டிருக்கும். நீங்கள் நேராகப் பெருக்கினால் 1,894.28 வரும், 66 பைசா கூடுதல். விவசாயிக்குக் கொடுத்தது முதல் தொகைதான், ஆகவே சீட்டில் அச்சானதே கணக்கு. பெருக்கலைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள்: ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும் சீட்டுகளைத் தனியாகப் பிரித்து, கையிலுள்ள அச்சுச் சீட்டோடு ஒப்பிடுங்கள். எஸ்க்யூலைட்டில் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாகச் சேமியுங்கள். தசமமாக வைத்தால் ஆண்டுக் கூட்டலில் நுண்ணிய பிழை சேர்ந்து தணிக்கையில் கேள்வி வரும்.