ஈ-2 முதலீட்டாளர் விசாவில் அமெரிக்கா போனவர்கள், போகப் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் எப்படி?

பருத்தித்துறையான் (ஸ்காபரோ, இப்போது சார்லட்)

வணக்கம் உறவுகளே. கனடாவின் ஸ்காபரோவில் நடத்திய உணவகத்தை விற்றுவிட்டு, வட கரோலினாவில் சார்லட் நகருக்குப் பக்கத்தில் ஒரு காலைச் சாப்பாட்டுக் கடையை வாங்கி, ஈ-2 விசாவில் (அமெரிக்காவோடு உடன்படிக்கை உள்ள நாட்டின் குடிமக்கள் அங்கே முதல் போட்டுத் தொழில் நடத்தக் கொடுக்கும் விசா) குடும்பத்தோடு வந்திருக்கிறோம். தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சேருங்கள்.

முதல் கேள்வி எப்போதும், "எவ்வளவு காசு வேண்டும்?" சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை இல்லை. வாங்கும் தொழிலின் விலையோடு பார்க்கும்போது போடும் காசு கணிசமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னத் தொழில் என்றால் கிட்டத்தட்ட முழு விலையையும் நாங்களே போட வேண்டும். பெரிய தொழில் என்றால் விகிதம் குறையலாம். ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்குக் கீழே என்றால் பல சட்டத்தரணிகள் தயங்குவார்கள். எங்களுக்குக் கடை, குத்தகை வைப்பு, அடுப்பு திருத்தியது, சட்டச் செலவு எல்லாம் சேர்ந்து இரண்டு இலட்சத்தைத் தொட்டது.

ஆனால் எங்களைப் பிழிந்தெடுத்தது தொகையல்ல. அந்தக் காசு வந்த வழி. ஒவ்வொரு டொலரும் எங்கே பிறந்தது, எந்தக் கணக்கில் ஏறி எந்தக் கணக்கில் இறங்கியது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். கனடாவில் உழைத்து வரி கட்டிய காசுதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. எங்கள் ஆட்களின் சேமிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் காசில் ஒரு பங்கு சீட்டுக் கட்டி எடுத்தது. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி சீட்டை நடத்திய தாச்சியின் கொப்பி. இன்னொரு பங்கு மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பி வந்தது. சட்டத்தரணி இரண்டையும் கேட்டுவிட்டு, "இந்தக் காசை முதலீட்டில் சேர்க்கவே வேண்டாம், போய் இறங்கிய பிறகு வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். முதலீட்டுக்கு இரண்டே ஊற்று: உணவகம் விற்ற காசு, வீட்டின்மேல் எடுத்த லைன் ஒவ் கிரெடிட். வீட்டை ஈடு வைத்து எடுக்கும் கடன் செல்லும், ஏனென்றால் தொழில் விழுந்தால் வீடு எங்கள் கையை விட்டுப் போகும். வாங்கப்போகும் கடையையே ஈடாகக் காட்டி எடுக்கும் கடனை முதலீடாகக் கணக்கிட மாட்டார்கள்.

அடுத்தது, வங்கியில் காசு கிடந்தால் அது முதலீடு ஆகாது. தொழிலில் இறங்கியிருக்க வேண்டும். விசா கிடைக்குமுன் கடைக்காரனிடம் முழுக் காசையும் எப்படிக் கொடுப்பது? அதற்குத்தான் எஸ்க்ரோ. மூன்றாம் ஆளின் கையில் காசு இருக்கும். விசா கிடைத்தால் விற்பவருக்கு, கிடைக்காவிட்டால் எங்களுக்குத் திரும்பும். அந்த ஒரே ஒரு நிபந்தனையோடு வைத்தால் அதை முதலீடாக ஏற்கிறார்கள். "மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம்" என்கிற மாதிரி ஒரு வரி அதற்குள் நுழைந்தால் எல்லாம் பாழ்.

கடை தேடிய கதை தனிக் கதை. என் மனைவிக்கு ஆசை கொயின் லோண்ட்ரி (காசு போட்டுத் துணி துவைக்கும் கடை): மெசின் தானாக ஓடும், சமையல் புகை இல்லை, நிம்மதி. ஆனால் ஈ-2 தொழில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சோறு போடுவதாக இருந்தால் போதாது. அதற்கு மேலே வருமானமோ வேலைவாய்ப்போ ஐந்து வருடத்துக்குள்ளாவது வரும் என்று காட்ட வேண்டும். ஒரே ஒருவர் கூட்டித் துடைக்கும் லோண்ட்ரியை வைத்து அதைக் காட்டுவது பாடு. ஏற்கெனவே ஆட்கள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையை எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் பார்த்த வேறொரு கடையின் உரிமையாளர், "வரிப் பத்திரத்தில் இருப்பது பாதிதான், மீதி கையில் வரும் காசு" என்று கண்ணடித்தார். கணக்கில் காட்டாத வியாபாரத்துக்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மூன்று வருட வரிப் பத்திரம், உபகரணங்கள் மேல் கடன் பதிவு இருக்கிறதா என்ற தேடல், விற்பனை வரி பாக்கி இல்லை என்ற சான்று, இந்த மூன்றும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பல மாநிலங்களில் பழைய முதலாளியின் விற்பனை வரிப் பாக்கி புதியவர் தலையில் விழும்.

கனடியக் குடிமக்களுக்கு அமெரிக்கா போகப் பெரும்பாலும் விசா தேவையில்லை, ஈ-2க்குத் தேவை. ரொறன்ரோ யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். கட்டணம் 315 அமெரிக்க டொலர், வழமையான டிஎஸ்-160 படிவத்தோடு டிஎஸ்-156இ என்று இன்னொன்று. அதிகாரி கேட்டது: காலையில் கடைக்குப் போனால் நீ என்ன செய்வாய், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், உணவகம் விற்ற காசு எங்கே. எனக்கு அவர் என்னைவிட என் வங்கிக் கூற்றுகளை நன்றாகப் படித்திருந்தது போல இருந்தது.

கனடாவை விட்டு வரும் வேலையையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கதைப்பதில்லை. பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் இல்லாவிட்டால் ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) போய்விடும். வரி வதிவாளர் நிலை முடிகிற நாளில், பங்கு போன்றவற்றை அன்றைக்கே விற்றதாக எண்ணி ஆதாய வரி போடுவார்கள். கனடாவில் உள்ள வீடு காணிக்கு அது இல்லை. சொத்தின் பெறுமதி 25,000 டொலரைத் தாண்டினால் ரி1161 என்ற பட்டியல் கொடுக்க வேண்டும். டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குக் கனடாவில் உள்ள வரி விலக்கை அமெரிக்கா ஏற்பதில்லை. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்து பிளாசாவில் வருடாவருடம் ரிட்டேர்ன் போடுகிறவருக்கு இது பிடிபடாது.

வெள்ளவத்தை வாசி (கொழும்பு)

நல்ல பதிவு அண்ணை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஈ-2 இருக்கிறது என்று இங்கே கனபேருக்குத் தெரியாது. இரு நாடுகளின் முதலீட்டு உடன்படிக்கை 1993இல் நடைமுறைக்கு வந்தது. நான் இன்னும் விண்ணப்பம் போடவில்லை, காகிதம் சேர்க்கும் கட்டத்தில் நிற்கிறேன்.

உங்களுக்குச் சீட்டு என்றால் எனக்குக் காணி. அப்பா கொடுத்த கோண்டாவில் காணியை விற்றுத்தான் முதல் போடுகிற எண்ணம். வாங்க வந்தவர் முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் (காணிப் பத்திரத்தில்) பாதி விலையைத்தான் எழுதுவோம் என்கிறார். ஊரில் இது சாதாரணம், நொத்தாரிசும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மீதிப் பாதி என் கைக்கு வந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்று அமெரிக்கத் தூதரகத்தில் எதைக் காட்டுவது? முழு விலையையும் எழுதுகிற ஆளைத் தேடுகிறேன். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள்.

காசை வெளியே கொண்டுபோவது அடுத்த தலையிடி. மத்திய வங்கி விதிகளின்படி வங்கி ஊடாக, வரம்புக்குள்தான் அனுப்பலாம். 2022 நெருக்கடியோடு அந்த விதிகள் எவ்வளவு இறுகின என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வங்கியைத் தொடாமல் காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் ஒருவர், "ஒரே நாளில் நியூ ஜேர்சியில் கையில் தருகிறேன்" என்றார். தருவார்தான். ஆனால் அந்தக் காசுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அதனால் பெரும் பங்கு லண்டனில் இருக்கும் அக்காவின் அன்பளிப்பு. அக்காவிடம் நன்கொடைக் கடிதம் மட்டுமல்ல, அவருக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்ற ஆதாரமும் வேண்டுமாம். தம்பிக்குக் காசு கொடுக்க நான் சம்பளப் பத்திரம் காட்ட வேண்டுமா என்று அக்கா ஒரு கிழமை கதைக்கவில்லை!

கோவை பம்ப் செட் (கோயம்புத்தூர்)

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் நானும் இதில் அலைந்தவன். ஈ-2 உடன்படிக்கைப் பட்டியலில் பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை எல்லாம் இருக்கின்றன, இந்தியா இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஈ-2 கேட்க முடியாது. மனைவியோ கணவரோ சிங்கப்பூர், கனடா மாதிரி பட்டியலில் உள்ள நாட்டின் குடிமகனாக இருந்தால், தொழிலில் குறைந்தது பாதியை அவர் பெயரில் வைத்து அவர் விண்ணப்பிக்கலாம். நீங்கள் துணையாகப் போகலாம்.

ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த கூட்டத்தில் ஏஜெண்ட் ஒருவர் கிரெனடா குடியுரிமையை வாங்கி அதன் வழியாக ஈ-2 எடுக்கலாம் என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். டீயும் சமோசாவும் பிரமாதம். 2022 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, முதலீடு செய்து குடியுரிமை வாங்கியவர் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று வருடம் வசித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் நம் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். நான் எழுந்து கேட்டதும், "சார், அதைத் தனியாகப் பேசலாம்" என்றார்.

அடுத்து ஈபி-5, அதாவது முதலீடு செய்து கிரீன் கார்ட் எடுக்கும் வழி. கிராமப்புறம் அல்லது வேலையின்மை அதிகமுள்ள பகுதி என்றால் 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10.5 லட்சம், பத்துப் பேருக்கு வேலை. எல்ஆர்எஸ் (இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டம்) வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். கணவனும் மனைவியும் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை அனுப்பினால் 8 லட்சத்துக்குக் கணக்கு சரியாக வரும். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்புவதற்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்தான். அதுவரை ஒன்றேகால் கோடிக்கு மேல் முடங்கிக் கிடக்கும். நம்மால் ஆகாது.

கடைசியில் எங்கள் கம்பெனிக்கே அங்கே ஒரு கிளை திறந்து எல்-1ஏ (கம்பெனி தன் மேலாளரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் விசா) வழியில் போகிறேன். புதிய அலுவலகம் என்றால் முதலில் ஒரு வருடம்தான் தருவார்கள். அதற்குள் வியாபாரத்தையும் ஆட்களையும் காட்ட வேண்டும். பம்ப் விற்கிறவனுக்கு அது பரவாயில்லை.

ராணி அக்கா (டாலஸ்)

தம்பிமார் எல்லோரும் காசைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் திகதிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரிலிருந்து வந்தவர்கள், கணவர்தான் முதன்மை விண்ணப்பதாரர். கனடியர்களுக்கு விசா முத்திரை ஐந்து வருடம் வரை கிடைக்கும். ஆனால் எல்லையில் ஒவ்வொரு முறையும் கொடுப்பது இரண்டு வருடம்; நாங்கள் தங்கலாமா என்பதை அந்த ஐ-94 (உள்ளே வந்ததற்கான பதிவு) திகதிதான் தீர்மானிக்கும். கடவுச்சீட்டு அதற்கு முன் முடிந்தால் ஐ-94உம் அன்றைக்கே முடியும். என் மகனின் கடவுச்சீட்டு சிறுவர்களுக்குரியது, எங்களுடையதைவிட முதலில் முடிவது. அதனால் வீட்டில் நாலு பேருக்கு நாலு திகதி. வெளியே போய்வந்தால் ஐ-94ஐ ஒவ்வொருவருக்கும் இணையத்தில் எடுத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பட்டியலே ஒட்டியிருக்கிறேன்.

துணைவருக்கு ஒரு நல்ல செய்தி. ஐ-94இல் ஈ-2எஸ் என்று இருந்தால் தனி வேலை அனுமதி அட்டை இல்லாமலே எங்கும் வேலை செய்யலாம்; 2022 தொடக்கத்திலிருந்து அந்தக் குறியீடு வருகிறது. பழைய மாதிரி வெறும் ஈ-2 என்று அடித்துவிட்டார்களா என்று எல்லையிலேயே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் வேலை செய்ய முடியாது, கோடை விடுமுறையில் எங்கள் கடையிலும்தான். 21 வயதோடு அவர்களுடைய ஈ-2 முடிந்துவிடும். இந்த விசாவிலிருந்து நேராகக் கிரீன் கார்ட்டுக்குப் பாதையும் இல்லை. மூத்தவள் வரும்போதே 17. அவளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டோம்: இங்கே படித்தால் பிறகு மாணவர் நிலைக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்ராறியோவுக்குத் திரும்பிப் படிக்கலாம். அவள் ஒன்ராறியோவில் உள்ள வாட்டர்லூவுக்குப் படிக்கப் போய்விட்டாள். கணவருக்குக் கவலை, எனக்கு அவ்வளவு இல்லை. பருத்தித்துறைத் தம்பி, உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது?

பருத்தித்துறையான்

மூத்தவனுக்கு 14 அக்கா. இன்னும் ஒரு புதுப்பித்தலுக்குத் தாங்கும், பிறகு பார்ப்போம். ஈ-2எஸ் விடயத்தை மனைவியிடம் காட்டினேன். உடனே தன் ஐ-94ஐ எடுத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருக்கிறது.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: உறுதியில் எழுதிய தொகைக்குமேல் ஒரு சதத்தையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். முழு விலை எழுதுகிறவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் அவருக்கே கொடுங்கள். வாங்குபவரின் காசு வங்கிக் காசோலையாக உங்கள் கணக்குக்கு வரட்டும். உறுதி தமிழில் இருக்கும் என்பதால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள், அப்பா உங்களுக்கு எழுதித் தந்த நன்கொடை உறுதியையும் சேர்த்து. அக்கா சமாதானமாகிவிட்டார் என்றால் அவருடைய லண்டன் வங்கிக் கூற்றைக் காசு அனுப்பும் மாதத்துக்கு மட்டும் எடுக்காமல், அதற்கு முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாம் தடவை போய்க் கேட்டால் மறுபடியும் கோபித்துக்கொள்வார்.