அடுக்ககத்தின் மின்செலவைக் குறைக்கும் வேலைக்குப் பணம் திரட்டுவது எப்படி?

சென்னை மடிப்பாக்கத்தில் 16 வீடுகள் கொண்ட அடுக்ககம், 2001இல் கட்டியது. பொது மின்கட்டணம் கையை மீறிப் போகிறது. வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் பொது இணைப்புக்குக் கிடையாது.

5 குதிரைத்திறன் பம்ப் கட்டடத்தோடு வந்தது. பலமுறை காயில் கட்டியாகிவிட்டது. ஓடும்போது தொட்டால் கை சுடுகிறது, தொட்டி நிறைய முன்பைவிட நேரமாகிறது. மாடிப்படிகளில் இன்னும் சோக் வைத்த 40 வாட் டியூப் லைட்டுகள்தான். மேல்தளமோ மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அனலாய்க் கொதிக்கிறது. அங்கே ஒரு குடும்பம் கைக்குழந்தைக்காகக் கூடத்தில் ஈரத்துணி கட்டிவிட்டுப் படுக்கிறது.

நட்சத்திரக் குறியீடு பெற்ற பம்ப், எல்.இ.டி. விளக்குகள், மொட்டைமாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளை ஓடு எல்லாவற்றுக்கும் ரூ. 6 லட்சம் என மதிப்பீடு வந்திருக்கிறது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் வைப்புநிதி ரூ. 1.5 லட்சம்.

வங்கியில் கேட்டோம், அடமானம் வைக்கச் சங்கத்தின் பெயரில் சொத்தில்லை என்றார்கள். தானே முதல்போட்டு, மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்று, கட்டடம் சிறியது என விலகியது. சிறப்பு வசூல் தீர்மானம் பொதுக்குழுவில் தோற்றது. பராமரிப்புத் தொகையைக் குடியிருப்பவர் கட்டும்போது நாங்கள் ஏன் செலவிட வேண்டும் என்பது வாடகைக்கு விட்டவர்களின் வாதம். கூரையும் பம்ப்பும் அவர்கள் சொத்தும்தானே!

இத்தகைய வேலையை முடித்த சங்கத்தினரே, வாடகைக்கு விட்ட உரிமையாளர்களும் சம்மதிக்கும்படி செலவை எப்படிப் பங்கிட்டீர்கள்?