ஜேஇஇ மெயின் கணக்கு: எட்டுப் பாடம் போதுமா, முழுசும் படிக்கணுமா?

ஆத்தூர் அம்மா:
வணக்கம். என் மகன் 12ஆம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். வரும் ஜனவரியில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் முதல் அமர்வு எழுதப் போகிறான். மூன்றரை மாதம்கூட இல்லை. போன ஞாயிறு ஒரு மாதிரித் தேர்வு எழுதினான். கணக்கில் 25 கேள்வியில் 9 தொட்டான், 4 சரி, 5 தப்பு. சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 குறைவு என்பதால் 16இல் 5 போக 11 மார்க், நூற்றுக்கு. பள்ளியில் 90க்குக் குறையாமல் வாங்குகிற பையன், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

டியூஷன் சார், "எட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கட்டும், மற்றதை விட்டுவிடட்டும்" என்கிறார். வீட்டில் அவன் அப்பா, முழுசும் படித்தால்தான் படிப்பு என்கிறார். நான் கணக்கில் பத்தாம் வகுப்போடு நின்றவள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெஸ் தோசை:
அம்மா, டியூஷன் சார் சொல்வதுதான் சரி. நானும் மாநிலப் பாடத்திட்டம்தான், 2024இல் எழுதி இப்போது என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) இரண்டாம் ஆண்டு.

இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. வேதியியலை 40 நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தாலும் கணக்குதான் நேரத்தைத் தின்னும். எல்லாப் பாடத்தையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவன் ஒவ்வொரு கேள்வியிலும் பாதி வழி போய் நின்றுவிடுவான்.

நான் பிடித்துக்கொண்டவை: அணிகள் அணிக்கோவைகள், வெக்டரும் முப்பரிமாண வடிவியலும், வரையறுத்த தொகையும் பரப்பும், வகைக்கெழுச் சமன்பாடு, தொடர்முறைகள், ஈருறுப்புத் தேற்றம், கலப்பு எண்கள், புள்ளியியல். சேர்ப்பியலையும் நிகழ்தகவையும் பக்கம்கூடப் புரட்டவில்லை.

சில கேள்விகள் இலவச மார்க். உதாரணமாக, மூன்று வரிசைச் சதுர அணி, அணிக்கோவை மதிப்பு 2. சேர்ப்பு அணியின் சேர்ப்பு அணிக்கு அணிக்கோவை என்ன? 2இன் நாலாம் அடுக்கு, 16. நம் 12ஆம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே அந்தச் சூத்திரம் இருக்கிறது. பத்து விநாடி வேலை. இப்படிப்பட்டதைத் தேடி எடுப்பதுதான் திறமை.

சுண்ணாம்புக்கட்டி:
31 வருடம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அவர் எழுதிய 2024 வரை சாய்ஸ் இருந்தது. கணக்கில் 30 கேள்வி கொடுப்பார்கள், எண்ணாக விடை எழுதும் 10இல் ஏதாவது 5 செய்தால் போதும். 2025 முதல் அது இல்லை. 25 கேள்வி, 25ம் கட்டாயம். சாய்ஸ் இருந்த காலத்து உத்தியை இப்போது சொல்வது, பழைய பேருந்து அட்டவணையை வைத்துக்கொண்டு நிலையத்தில் நிற்பது மாதிரி.

அடுத்தது, எட்டுப் பாடம் என்று வெட்டி எடுக்க முடியுமா? கேள்வி அப்படி வருவதில்லை. பரப்பு கேட்பான், வளைவரை பரவளையமாக இருக்கும். பகுமுறை வடிவியலை விட்டவன் படம்கூட வரைய முடியாது. அணியில் கேட்பான், உறுப்புகளைச் சேர்ப்பியல் முறையில் எண்ணச் சொல்வான்.

இதோ ஒரு கணக்கு. 1இலிருந்து இரட்டைக் கோணத்தின் சைனைக் கழித்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, 0 பாகை முதல் 90 பாகை வரை தொகையிட வேண்டும். வர்க்கமூலத்துக்குள் இருப்பது கொசைன் கழித்தல் சைன் என்பதன் வர்க்கம். நம் பிள்ளைகள் வர்க்கத்தையும் மூலத்தையும் அடித்துவிட்டு நேரே தொகையிடுவார்கள். விடை 0 வரும். வர்க்கமூலம் ஒருபோதும் குறை எண் ஆகாது, அப்படியிருக்க அதன் கீழ் உள்ள பரப்பு எப்படிப் பூஜ்யமாகும்? 45 பாகைக்குப் பிறகு சைன் பெரிதாகிவிடுகிறது. அங்கே மட்டு மதிப்பு (குறை எண்ணானாலும் மிகை எண்ணாக எடுப்பது) போட்டு இரண்டாகப் பிரித்தால் 2√2 − 2 வரும். இந்த மட்டு மதிப்பு எங்கே இருக்கிறது? 11ஆம் வகுப்பு, இரண்டாம் பாடம், அடிப்படை இயற்கணிதம். தம்பியின் எட்டில் அது இல்லை.

மெஸ் தோசை:
சாய்ஸ் போனது உண்மை சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றரை மாதத்தில், அதுவும் நடுவில் அரையாண்டுத் தேர்வை வைத்துக்கொண்டு, 11, 12 இரண்டையும் முழுசாக எப்படி முடிப்பது? நூற்றுக்கு 100 யாரும் கேட்கவில்லை. 50 வந்தாலே பையன் எங்கேயோ போய்விடுவான்.

தெரியாத பாடத்திலிருந்து வருகிறதைச் சும்மா விடவும் வேண்டாம். சரிக்கு 4, தப்புக்கு 1 குறைவு. நாலு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூடச் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4இல் 3 போக 1 மிச்சம். கொடுத்த விடைகளில் இரண்டை அடித்துவிட முடிந்தால் இரண்டு கேள்விக்கு 3 மிச்சம். தொடரின் கூடுதல் கேட்டால் முதல் உறுப்பையும் முதல் இரண்டின் கூடுதலையும் போட்டுப் பார், பாதி விடைகள் தானாக விழுந்துவிடும். இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

பழைய பெஞ்ச்:
நான் முழுசும் படித்தேன். கிடைக்கவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி:
தம்பியின் கூட்டல் கழித்தல் சரி. ஆனால் அது தாயக்கட்டை உருட்டுகிறவனுக்குச் சரி. பரீட்சை எழுதுகிற பிள்ளை தாயம் உருட்டுவதில்லை. பாதிக் கணக்குப் போட்டு, வந்த எண் விடைகளில் இருக்கிறதா என்று பார்ப்பான். கேள்வி எடுக்கிறவனுக்கு அந்தப் பாதி வழி தெரியும். மேலே சொன்ன கணக்கில் 0 கட்டாயம் ஒரு விடையாக நிற்கும். பையன் சந்தோஷமாகக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவான். நாலில் ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது, அவனுக்கு நாலும் தப்பாகலாம்.

அம்மாவின் பையன் 9 தொட்டு 5 தப்பு செய்தானே, அந்த ஐந்தும் தெரியாத பாடத்திலிருந்து வந்ததா, தெரிந்த பாடத்திலிருந்தா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். எட்டா முழுசா என்பதை அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. 25இல் 20தான் நாலு விடை உள்ளவை. மீதி 5இல் எண்ணை நாமே தட்ட வேண்டும். அதற்கும் இப்போது தப்பானால் 1 போகும். அங்கே குத்துமதிப்பு சுத்த நஷ்டம்.

இயற்பியல் கட்சி:
எதற்கு இவ்வளவு சண்டை? கணக்கைக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிட்டு இயற்பியல், வேதியியல் இரண்டிலும் 70, 70 எடுக்கட்டும். என் அக்கா மகன் அப்படித்தான் செய்தான்.

மெஸ் தோசை:
அண்ணா, இதில் நான் சார் பக்கம். மொத்தம் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் 200இல் 100 கணக்கு, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. கணக்கை விட்டவன் இரண்டு வண்டியையும் விட்டான். அக்கா மகன் எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆத்தூர் அம்மா:
சார், பையனோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஐந்தில் நாலு தெரிந்த பாடம்தான். ஒன்றில் குறியீட்டைத் தவறவிட்டிருக்கிறான், மூன்றில் நடுவில் ஏதோ 11ஆம் வகுப்பு விஷயம் வருகிறதாம், அது தெரியவில்லை என்கிறான்.

இதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது. அவன் படிக்கும் பள்ளியில் 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்தவே இல்லை. பொதுத்தேர்வுக்கு முக்கியக் கேள்விகளை மட்டும் குறித்துக் கொடுத்துவிட்டு, பொங்கல் கழிந்ததும் 12ஆம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு, "ரிசல்ட் நல்லா வருதில்ல?" என்றார்கள். அப்புறம், இதில் மூழ்கினால் போர்டு மார்க் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

சுண்ணாம்புக்கட்டி:
இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அதுவும் ஒழிக்கவில்லை, 2025-26 கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வும் இல்லை. இனி என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை. சரி, அது வேறு கதை.

போர்டு மார்க்கை விடவே கூடாது. என்ஐடி, ஐஐடி சேர 12ஆம் வகுப்பில் 75 விழுக்காடு வேண்டும், இல்லையென்றால் அவரவர் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். ஆனால் இரண்டும் எதிரெதிர் இல்லை. புக் பேக் கணக்கு செய்யும்போதே அந்தப் பாடத்தின் பழைய ஜேஇஇ கேள்வி பத்து சேர்த்துச் செய்யட்டும். விடைகளை மறைத்து வைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

மெஸ் தோசை:
விட வேண்டியதும் இருக்கிறதே சார், அதையும் சொல்லுங்கள். 12இல் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதமும் பகுதி வகைக்கெழுவும் ஜேஇஇ மெயினுக்கு வேண்டாம். 11இல் கணிதத் தொகுத்தறிதலை 2024இலேயே எடுத்துவிட்டார்கள். போர்டுக்குப் படித்தால் போதும்.

சுண்ணாம்புக்கட்டி:
சரிதான். பாடத்திட்டத்திலேயே இல்லாததை விடுவதில் எனக்குச் சண்டை இல்லை. உங்கள் எட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மூன்று வாரம் 11ஆம் வகுப்பு இயற்கணிதம், முக்கோணவியல், பகுமுறை வடிவியல். அதற்கு மேல்தான் எட்டு.

மெஸ் தோசை:
மூன்று வாரம் அதிகம் சார். இரண்டு.

ஆத்தூர் அம்மா:
நீங்கள் சொன்ன 45 பாகைக் கணக்கை அவனிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, 0 என்றான். பரப்பு எப்படிப் பூஜ்யமாகும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான், பத்தாம் வகுப்பு அம்மா கேட்கிற கேள்வியா என்று. பேசாமல் போய்ப் பரணிலிருந்து 11ஆம் வகுப்புப் புத்தகத்தை இறக்கினான். முதல் தொகுதி மட்டும் இருக்கிறது. இரண்டாம் தொகுதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது.

மெஸ் தோசை:
அரசு தளத்தில் பிடிஎஃப் இலவசம் அம்மா. சார் சொன்ன மூன்று பாடமும் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன, இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.