குன்னூரில் மரம் பார்த்து நடக்க எங்கே போகலாம்?

கேள்வி: அம்மாவோடு குன்னூர் வருகிறேன். வழிகாட்டி வேண்டாம், நாங்களே மரங்களைப் பார்த்து மெதுவாக நடக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில்: சிம்ஸ் பூங்கா, தம்பி. 1874-இல் உருவானது. அங்குள்ள ருத்ராட்ச மரத்தடியில் கட்டாயம் நில்லுங்கள். அதன் பழம் பளீரென்ற நீலம். அந்த நீலம் சாயமே இல்லை. தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. சதைக்குள் இருக்கும் கொட்டைதான் நாம் அணியும் மணி. எனக்கு அந்த மரம் உயிர்.

கேள்வி கேட்டவர்: அம்மாவுக்கு முழங்கால் வலி அண்ணா. நடக்க முடியுமா?

பதில்: சரிவான இடம், இறங்கிய தூரத்தை ஏறியாக வேண்டும். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். பெரணி மரங்களையும் பாருங்கள்.

இன்னொருவர்: மே மாதப் பழக் கண்காட்சி சமயம் வேண்டாம், கூட்டம் நெரியும்.