மற்ற நாய்களோடு பழகாத நாயைக் கூட்டத்தில் அவிழ்த்துவிடலாமா?

கறுப்பியின் அக்கா:
2 வயது நாயைத் தத்தெடுத்து ஆறு வாரம் ஆகிறது. குட்டியிலிருந்து ஒரே அறையில் வளர்ந்தவள், வேறு நாயோடு பழகியதே இல்லை. தெருவில் ஒரு நாய் வந்தால் லீஷை இழுத்துக்கொண்டு குரைக்கிறாள். நாய்கள் விளையாடும் பூங்காவில் அவிழ்த்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். விடலாமா?

நடைப்பிரியன்:
தாராளமாக விடுங்கள். நாய்க்கு நாய்தான் வாத்தியார். என் நாயும் முதல் நாள் மூலையில் அசையாமல் நின்றான், நாலாம் நாள் குரைப்பே இல்லை. நாம் பயந்து லீஷை இறுக்குவதால்தான் அதுவும் பயப்படுகிறது.

வால்மொழி:
லீஷை இறுக்கக் கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றது ஆபத்து. தப்பிக்க வழியில்லாத நாய் உறைந்துபோய் நிற்கும், அதைப் பார்த்து அமைதியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குட்டிக்குப் பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் புதியதை எளிதாக ஏற்கும் பருவம். கறுப்பிக்கு அது போய்விட்டது, அதனால் அவளுக்குத் தேவை தூரம். இன்னொரு நாயைப் பார்த்தும் நீங்கள் கொடுக்கும் தீனியை வாங்கித் தின்கிற தூரத்தில் நின்று தொடங்குங்கள். தின்ன மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நடைப்பிரியன்:
இப்படிப் பார்த்தால் மாதக்கணக்கில் ஆகுமே! அதுவரை அவள் தனியாகவே இருக்கணுமா?

வால்மொழி:
ஆகட்டும். ஒரே ஒரு சண்டை அந்த மாதங்களை எல்லாம் அழித்துவிடும். தனியாகவும் இருக்க வேண்டாம், நிதானமான வளர்ந்த நாய் ஒன்று போதும். இருவருக்கும் பொதுவான இடத்தில், நடுவில் நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் சேர்ந்து நடங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க விடாதீர்கள், அது நாய்களுக்குள் மிரட்டல் மாதிரி. இருவர் உடம்பும் தளர்ந்தால் இடைவெளியைக் குறைக்கலாம். அப்புறம் மோப்பம், அதுவும் மூன்று நொடி; உடனே கூப்பிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கறுப்பியின் அக்கா:
உறுமினால் அதட்டுகிறேன், அது சரியா?

வால்மொழி:
வேண்டவே வேண்டாம்! உறுமல் அவள் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த தடவை சொல்லாமலே கடிப்பாள். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, வாலை ஒடுக்குவது எல்லாம் அதற்கும் முன்னாலேயே வரும், அங்கேயே விலகிவிடுங்கள்.

நடைப்பிரியன்:
உறுமல் விஷயம் எனக்குத் தெரியாது. நானும் அதட்டியிருக்கிறேன். ஆனாலும் எல்லா நாய்க்கும் இவ்வளவு தேவையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கறுப்பியின் அக்கா:
பக்கத்து வீட்டில் வயதான, சாதுவான நாய் ஒன்று இருக்கிறது. நாளைக்கு அவர்களிடம் கேட்கிறேன். பூங்கா வேண்டாம்.